அட்டைப்படத்தில் நான் அழித்தவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது பட்டப்பகலில் நடந்தது. மதுரை காளவாசலில், கீழே பஸ் ஹாரன்கள் காதைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில். 2008 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது நான் அங்கே ஒரு மாடிக் கடையில் டிசைனர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கடை நோட்டீஸ் என்று எதுவானாலும் செய்வேன். முதலாளி உமேஷ் அண்ணன். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

காலை பதினோரு மணிக்கு ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். பெயர் வெங்கடரமணன். கோச்சடையில் வீடு. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பாசஞ்சர் ரயில்களில் ஊர் ஊராகச் சுற்றியதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 'எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்' என்று தலைப்பு. சென்னையில் இருக்கும் மகள் அதை இ-புக்காக இன்டர்நெட்டில் போடப்போகிறாராம். அதற்கு ஓர் அட்டை வேண்டும்.

"அச்சடிக்காத புத்தகத்துக்கு அட்டை எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு முகம் வேணும்ல தம்பி" என்று சிரித்தார்.

பழைய தபால் கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். பிலிம் கேமராவில் அவரே எடுத்தது. சமயநல்லூர் ஸ்டேஷன். வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். தாண்டினால் தண்டவாளம். பெஞ்சின் இடது ஓரத்தில் அரக்குச் சேலை கட்டிய ஓர் அம்மா, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் படத்துல மட்டும் கை வைக்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"சரிங்க சார்."

அவர் உடனே போகவில்லை. ஏதோ கேட்க வருவதுபோல என் முகத்தையே பார்த்தார். நான் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சாயந்தரம் வாரேன்" என்று இறங்கிப் போனார்.

மதியம் 2 மணிக்கு உமேஷ் அண்ணன் சாப்பிடக் கிளம்பினார். "மாப்ள, அந்தப் புஸ்தக அட்டையைச் சட்டுனு முடி. காதுகுத்து பிளெக்ஸ் நிக்குது."

போட்டோவை ஸ்கேன் செய்தேன். தலைப்பு எழுத்து பெரிதாக வர வேண்டும். வைக்க இடம் இடது பக்கம்தான் இருந்தது. அங்கே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எழுத்து அவர் மேல் ஏறிக்கொண்டே இருந்தது. நாலைந்து விதமாக நகர்த்திப் பார்த்தேன். சரிப்படவில்லை.

பெரியவர் சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனாலும் போட்டோஷாப்பில், பக்கத்து இடத்தை எடுத்து மேலே பூசும் கருவியைக் கிளிக் செய்தேன். யாரோ பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அந்தம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது...

ஐந்து நிமிடத்தில் ஆளைக் காணோம். சேமித்தேன். மணி 2.25.

எழுத்தின் நிறத்தை மாற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். பெஞ்சுக்குக் கீழே அந்த அம்மாவின் நிழல் கிடந்தது. அதை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அதையும் அழித்தேன். சேமித்து மூடினேன்.

2.40. கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று திறந்தேன்.

அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

சேமிக்கும்போது ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் பழையது. மறுபடி அழிக்கப் போனபோதுதான் கவனித்தேன். குனிந்திருந்த தலை இப்போது நிமிர்ந்திருந்தது.

போட்டோவில் இப்படித்தான் இருந்ததா? எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்கேனர் மூடியைத் திறந்து பார்க்கலாம். பார்க்கவில்லை. சீக்கிரம் அழித்தேன்.

மூடினேன். திறந்தேன்.

இருந்தார். இந்தத் தடவை முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

3.05. கீழே பஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காளவாசலில், அந்த நேரத்தில்...

முகத்தைப் பெரிதாக்கினேன். அறுபது வயது இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பயமுறுத்தும் முகம் இல்லை அது. கெஞ்சும் முகம். உதடு லேசாகத் திறந்திருந்தது. வேண்டாம் என்று சொல்கிற வாய்.

எனக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது.

புரிந்தும் அழித்தேன்.

முதலில் வாய். பிறகு கண்கள்.

க்ர்ர்ர்... என்று ஸ்கேனர் தானாக ஓடியது.

நின்றது.

படியில் காலடிச் சத்தம். ஒரு படி... இன்னொரு படி...

"அண்ணே?"

காலடி உள்ளே வந்தது.

எனக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. அது கிறீச்சிட்டது. ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

நான் திரும்பவில்லை.

3.17. கரண்ட் போனது. யூபிஎஸ் கீ... கீ... என்று கத்தியது. அதுவும் நின்றது.

மானிட்டர் கறுத்தது.

கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

பக்கத்தில் இன்னொரு முகம்.

கண் இல்லை. வாய் இல்லை.

எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது. எதிர் டீக்கடையில் நின்றபோது காலில் செருப்பு இல்லை. உமேஷ் அண்ணன் வந்ததும் அவர் பின்னாலேயே மாடி ஏறினேன். நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. அட்டையைத் திறந்தேன். பெஞ்ச் காலி. ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் திறந்தேன். அதிலும் காலி. ஸ்கேனர் மூடியைத் தூக்கிப் போட்டோவை எடுத்தேன்.

காகிதத்தில் இருந்த போட்டோவிலும் பெஞ்ச் காலி.

6.20க்குப் பெரியவர் வந்தார். அட்டையைப் பார்த்தார். போட்டோவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, காலையில நான் கொடுத்தப்போ இதுல யாராச்சும் இருந்தாங்களா?"

குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. உமேஷ் அண்ணன் பக்கத்தில் நின்றார். வேலை போய்விடும்.

"இல்லியே சார். காலி பெஞ்ச்தான் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். போட்டோவைக் கவருக்குள் வைக்க மூன்று தடவை முயன்றார். "சரி தம்பி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

டிசம்பரில் அவர் மகள் ஸ்ரீலட்சுமி கடைக்கு வந்தார். பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். அட்டையில் அவருடைய பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொண்டிருக்கும்போது மகள் தானாகவே பேசினார்.

"அந்த பெஞ்சுலதான் எங்கம்மா செத்தாங்க தம்பி. பாசஞ்சருக்கு உக்காந்திருந்தப்போ மயக்கம் வருதுன்னாங்க. அப்பா சோடா வாங்கப் போனாரு. வந்து பாத்தா உசுரு இல்ல. விட்டுட்டுப் போயிட்டேனேன்னு அதையே சொல்லிட்டிருப்பாரு. வெள்ளிக்கிழமை தோறும் அங்க போயி அந்தக் காலி பெஞ்சைப் படம் எடுப்பாரு. ஒரு வருசமா..."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "அட்டைக்குக் கொடுத்த படம்... எப்பக்கா எடுத்தது?"

"அம்மா போயி பதினோரு மாசம் கழிச்சு. அதுல மட்டும் அம்மா இருக்காங்கன்னு அடம் பிடிச்சாரு. எங்க கண்ணுக்குத் தெரியல. டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனோம். கடைசியில, 'வெளியாள் ஒருத்தர்கிட்ட கொடுத்துப் பாக்குறேன். அவரும் இல்லன்னா நான் விட்டுடுறேன்'னாரு. அதுக்காகத்தான் இங்க வந்தாரு. அன்னிக்கு ராத்திரியிலிருந்து அப்பா அம்மாவைப் பத்திப் பேசவே இல்ல தம்பி. சாப்பாடும் கொறஞ்சு போச்சு."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள போட இன்னொரு படம் வேணும். இதுல நல்லதா ஒண்ணு எடுங்க" என்று ஓர் ஆல்பத்தை என் முன்னால் விரித்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான். வெறும் பெஞ்ச்."

முதல் பக்கம் பார்த்தேன். அடுத்த பக்கம். அதற்கடுத்தது...

அத்தனை படத்திலும் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெங்கடரமணன் சார். அந்தப் படங்களையெல்லாம் எடுத்தவரே அவர்தான்.

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி? காலி பெஞ்ச்தானே?" என்றார் மகள்.

"ஆமாக்கா" என்றேன்.