கிரீஸுக்கு அடியில் இருந்த எண்

இரும்புச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ரெய்னோ லெஹ்ட்டோ, அத்தனை வருடமும் தன் சாப்பாட்டு டப்பாவுக்குப் பூட்டுப் போட்டவர். யாரும் அதைத் தொட்டதில்லை. பூட்டு இருந்ததால்தான் தொடவில்லை என்பது அவர் கட்சி. அவர் மனைவி எல்மாவின் அண்ணன் தவுனோ நேர்மாறு. தவுனோவின் வீட்டுக் கதவுக்கே பூட்டுக் கிடையாது.

மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்தது. இருவரும் சேர்ந்து இரண்டு பழைய ராணுவ ரைஃபிள்களை வாங்கினார்கள். துருப்பிடிக்காமல் இருக்க எப்போதோ பூசிய கிரீஸ், ஆறிப்போன அல்வா மாதிரி இரண்டிலும் அப்பிக் கிடந்தது.

"மாப்ளே, உனக்குப் பிடிச்சத நீ மொதல்ல எடுத்துக்கோ," என்றார் தவுனோ.

அங்கேதான் வினை. நல்லதை ஒருத்தன் சும்மா விட்டுக்கொடுப்பானா? ரெய்னோ ஒன்றை எடுத்துக்கொண்டார், ஆனால் மனசு ஆறவில்லை. தவுனோ காபி போட உள்ளே போனதும், தோட்டாவைத் தள்ளிப் பின்னால் பூட்டுகிற போல்ட்டை இரண்டிலும் இழுத்துப் பார்த்தார். தவுனோவுடையது கொஞ்சம் சுளுவாக நகர்ந்தது போலிருந்தது. இரண்டையும் உருவி மாற்றிச் செருகிவிட்டார்.

சனிக்கிழமை காலை, நீராவிக் குளியல் அறையான சவுனாவின் அடுப்பை மூட்டினார். எங்கள் ஊரில் கிரீஸ் எடுப்பது அப்படித்தான். நாங்கள் வியர்க்க உட்காரும் அதே பலகையில் செய்தித்தாளை விரித்து, ரைஃபிளையும் வியர்க்க விடுவோம். ரைஃபிளின் மரப்பிடியிலிருந்து பழுப்பாகக் கசியக் கசிய அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்மா மூக்கைப் பிடித்தபடி எட்டிப்பார்த்தாள். "சாயங்காலம் அதுல மனுசங்க குளிக்கணும். அண்ணன் மூணாவது தடவையா போன் பண்றான்."

"எடுக்காத."

"ஏன்?"

"நல்லது எங்கிட்ட வந்துடுச்சுன்னு தெரிஞ்சிருக்கும். திருப்பிக் கேப்பான்."

"உன் மூளையையும் இங்கயே வெச்சு வியர்க்க விடேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு, கிரீஸுக்கு அடியில் பொறித்திருந்த எண்கள் வெளியே வந்தன. போல்ட்டில் 4471. குழலில் 9308.

ஒவ்வொரு குழலுக்கும் அளவு பார்த்துப் பொருத்தியது அதனதன் போல்ட்; இரண்டிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். மாறிப்போனால், சுடும்போது பின்பக்கமாக வெடித்து முகத்திலேயே அடிக்கலாம். இது ரெய்னோவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சந்தேகம் கண்ணை மறைத்துவிட்டது. தவுனோவோ இன்று ஊருக்கு வெளியே சரளை தோண்டிய குழியில் சுட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

போன் செய்தார். இப்போது தவுனோ எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறானோ என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. என்ன மனுஷனோ. கிரீஸ் கையோடு, போல்ட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சரளைக் குழியில் தவுனோ தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். போல்ட் கழற்றிய ரைஃபிள் பக்கத்தில் கிடந்தது.

"ஏன் மாப்ளே போனே எடுக்க மாட்டேங்கற? வித்த பய போல்ட்ட மாத்திட்டான். எனக்கு நம்பரே ஒத்துவரல. நீ பாட்டுக்குச் சுட்டுத் தொலைக்கப் போறியேன்னு இங்க ஓடி வந்தேன். வந்தா சிக்னலும் இல்ல."

பழியை விற்றவன் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பொய் தயாராக, தவுனோவின் வாயிலிருந்தே வந்துவிட்டது. ரெய்னோ துணியைப் பிரித்தார்.

"வித்தவன் இல்ல மச்சான். நான்தான். நீ காபி போடப் போனப்ப."

"எதுக்கு?"

"நல்லத நீ வெச்சுக்கிட்டியோன்னு நெனச்சேன்."

தவுனோ திட்டவில்லை. திட்டியிருந்தால் ரெய்னோவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். கையை மட்டும் நீட்டிப் போல்ட்டை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போல்ட்டின் எண்ணையும் தன் ரைஃபிள் குழலின் எண்ணையும் பார்த்தார். இரண்டும் 4471தான்.

பிறகு, இன்னொரு தடவை பார்த்தார்.