கீரைக்குப் பயந்த டிரைவர்

பத்தியம் இருப்பதில் தென்காசியில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குப் புத்தி கெட்டுப்போயிருந்ததைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டார்கள். அப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஒரு முதலாளியின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. என் அப்பாவுக்கும் இதே வியாதிதான். கடைசி நாலு வருஷம் அவருக்குப் பகலும் ராத்திரிதான். அதனால் எனக்கு உயிரைப் பற்றிக் கவலை வரவில்லை, கண்ணைப் பற்றித்தான் வந்தது. கண் போனால் டிரைவருக்கு வேறு என்ன மிச்சம்?

தென்காசி டாக்டர் இனிப்பையும் நெய்யையும் குறைக்கச் சொன்னார். நான் எண்ணெயையே விட்டேன், பாலையும் விட்டேன். பழுத்ததெல்லாம் இனிப்புதானே என்று மாம்பழம், பப்பாளி, மஞ்சள் பூசணி எதையும் வாசல் ஏறவிடவில்லை. அது போதாதென்று ஒரு நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கினேன். அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும், அதை மட்டும் தொடாதீர் என்றார் அவர். அகத்தி முறிக்கும் என்றால் முருங்கை மட்டும் சும்மா இருக்குமா என்று நானாகவே எல்லாக் கீரைக்கும் தடை போட்டேன். எங்கள் வீட்டில் மீன், முட்டை சேராது. ஆக மிஞ்சியது கேப்பைக்களி, வெண்ணெய் எடுத்த தண்ணீர் மோர், அவித்த பாகற்காய். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

என் மனைவி விடவில்லை. கொல்லை முருங்கையில் கீரை உருவி, எண்ணெய் விட்டுத் தாளித்து, தேங்காய்ப்பூ தூவித் தட்டோரத்தில் வைப்பாள். நான் தட்டையே தள்ளிவிடுவேன்.

"ஒரு வாய் கீரையில என்ன குடியா முழுகிப் போவுது?" என்பாள்.

"டாக்டருக்குப் படிச்சவ நீயா, அவரா?" என்று எரிந்து விழுவேன்.

"ஊரு உலகத்துல கீரைக்குப் பயந்த டிரைவர இங்கனதான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கீரையை அவளே தின்பாள்.

எனக்கென்ன, சர்க்கரை பார்க்கிற சோதனைக்குழாய் என் பக்கம். நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம்; பச்சை என்றால் கொஞ்சம்; நீலமாகவே நின்றால் இல்லை. என் குழாய் நீலமாகவே நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரதவீதியைச் சுற்றி வராததுதான் குறை.

அப்புறம் ஒரு நாள் அந்தி மங்குகிற நேரத்தில், மோர்த் தம்ளருக்கு நீட்டிய கை தம்ளரைத் தாண்டிப் போனது. மறுநாள் வாசற்படி தட்டியது. பகலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்தால் திரை விழுந்த மாதிரி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அப்படியே மாலை வண்டியும் ஓட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. எட்டாம் நாள் குற்றாலத்திலிருந்து திரும்புகையில் ரோட்டோரம் தெரியாமல் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. மறுநாள் காலை முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி வண்டிச் சாவியைக் கொடுத்தேன்.

"சீசன் தொடங்குறதுக்குள்ள கண்ணச் சரி பண்ணிக்கிட்டு வாரும். இல்லன்னா வேற ஆளுதான் போடணும்" என்றார் அவர். சாரல் சீசனுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். மனைவிதான் இழுக்காத குறையாகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண் டாக்டர் ஒரு அம்மா. சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"சர்க்கரை உங்க கண்ணத் தொடவே இல்ல. இது மாலைக்கண். தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தேன். விட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ உங்க கண்ணக் கெடுத்தது வியாதி இல்ல, பத்தியம். கீரையிலயும் பப்பாளியிலயும் மஞ்சப் பூசணியிலயும் இருக்கிற சத்துதான் உள்ள போய்க் கண்ணுக்கு வேண்டியதா மாறுது. எண்ணெய் இல்லாட்டி அதுவும் உடம்புல சேராது. நீங்க ரெண்டையும் வெட்டிட்டீங்க."

மீன் எண்ணெய் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்றார். நாங்கள் சைவம் என்றேன். "அப்போ கீரைதான் உங்களுக்கு மருந்து. நாள் பிடிக்கும். சர்க்கரைக்குப் பயப்படாதீங்க, கீரையால ஏறாது. பப்பாளி ஒரே ஒரு கீத்து, அளவாச் சாப்பிடுங்க."

என் மனைவி "நான் அப்பமே சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. தென்காசி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் கீரை. முருங்கை, தண்டு, பொன்னாங்கண்ணி. எண்ணெயில் வதக்கிய பூசணி. பப்பாளிக் கீற்றைத் தின்னும்போது திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருக்கும். மறுநாள் விடிந்ததும் குழாயைக் காய்ச்சுவேன். லேசாகப் பச்சை காட்டும், அதற்கு மேல் போகாது. ஆனால் அந்திக்கு மட்டும் மாற்றமே இல்லை. ஒரு மாதம் போயிற்று. முதலாளி வேறு டிரைவரை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை. விளக்கேற்றவில்லை. கொடியில் காய்ந்த துணியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் முந்தானையில ஒரு கிழிசல் இருக்கு" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துப் பார்த்தாள். "ரெண்டு மாசமா அத மறைக்காமத்தான் திரிஞ்சேன், உங்களுக்குத்தான் தெரியாதேன்னு" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதுவிட்டாள்.

ஆனி பிறந்ததும் முதலாளி மாலை ஆறரைக்கு வெறும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, குற்றாலம் போய் வரச் சொன்னார். போய் வந்தேன். "நாளையிலேருந்து நீரே எடும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை, குற்றாலத்திலிருந்து நிறைந்த வண்டி. நல்ல சாரல். விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற வெளிச்சம். மேலகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினேன். பள்ளத்தில் இறங்கிய அன்றும் என்னோடு வந்த கண்டக்டர், இளவட்டம், பதறிப்போய் முன்னால் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியுமா?"

"நடு ரோட்டுல எருமை நிக்கி."

கண்ணாடியை ஒட்டிப் பார்த்தான். பின்னால் இருந்தவர்களும் எழுந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. ஒருவர் உச்சுக் கொட்டினார். கண்டக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, கையை முன்னால் நீட்டியபடி மழைக்குள் நடந்தான். பதினைந்து தப்படி போனவன் சட்டென்று நின்றான்.

"அண்ணாச்சி, எருமைதான்."

"தெரியும்லே" என்றேன். "இடது கொம்பு ஒடிஞ்சிருக்கும், தடவிப் பாரு."