கட்டங்களாகத் தெரிந்த பெயர்கள்

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்க, விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். சீசன் ஆர்டர்கள் குவிவதற்குள் டிசைன் கோப்புகளுக்கெல்லாம் தானாக நகல் எடுக்கும் பேக்கப் மென்பொருளை நிறுவச் சொன்னார் முதலாளி. எடுக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அது ஒரு டேட்டாபேஸில் பதிந்துகொள்ளும். பெயர்களை எந்த எழுத்துமுறையில் பதிவது என்பதை முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ் தமிழாகவே தெரியட்டும் என்று யுனிகோடு கொடுத்தேன். சோதனை ஓட்டம் பாதியில் நின்றது. பழைய கோப்புகள் சிலவற்றின் பெயர்கள் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் வைத்தவை. அவை எழுத்தே இல்லை என்று டேட்டாபேஸ் மறுத்தது. எதையும் சரிபார்க்காமல் அப்படியே வாங்கிக்கொள்ளும் முறை ஒன்றும் இருந்தது. அதில் என்னென்ன உள்ளே போகும் என்று எனக்குப் பயம்.

வீடு திரும்பும் பஸ் திருத்தங்கல் தாண்டும்போது யுனிகோடுதான் என்று முடிவெடுப்பேன். விருதுநகரில் இறங்குவதற்குள் மனம் மாறியிருக்கும்.

பழைய பெயர்களையே மாற்றிவிடலாமா என்று டிசைன் பிரிவு அக்காவிடம் கேட்டேன்.

"பேரைத் தொட்டீகன்னா லேஅவுட்டுல இருக்க படமெல்லாம் கழண்டுக்கிரும். சீசன்ல உக்காந்து ஒண்ணொண்ணா மாட்ட என்னால ஆகாது" என்றார்.

முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாளைக்கு ஏதாச்சும் போச்சுன்னா அம்புட்டும் திரும்ப வருமா, வராதா?"

பாதியில் நிற்கும் நகலிலிருந்து எல்லாம் திரும்ப வராது. அன்று மதியமே டேட்டாபேஸைக் கலைத்து, அப்படியே வாங்கும் முறையில் மறுபடி உருவாக்கினேன். ஓட்டம் நிற்காமல் முடிந்தது. ஆனால் பட்டியலில் பழைய பெயர்களெல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரிந்தன.

"இதுல நான் எதைன்னு தேடுவேன்?" என்றார் அக்கா. ஃபோல்டரையும் தேதியையும் வைத்துத் தேடக் காட்டிக்கொடுத்தேன். அவர் முகம் தெளியவில்லை. எனக்கும் தெளியவில்லை.

ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் டிசைன் கோப்புகள் இருந்த சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. பேக்கப்பிலிருந்து புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மீட்க விட்டுவிட்டு, உட்கார முடியாமல் அச்சு இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். முடிந்ததும் அக்கா ஒரு பழைய லேஅவுட்டைத் திறந்தார். படங்கள் அதனதன் இடத்தில் இருந்தன. அடுத்ததைத் திறந்தார். அதுவும் சரி.

"எல்லாம் வந்திருச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்றார். நான் போகவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, அடுத்த கோப்பைத் திறக்கச் சொன்னேன்.