கொடுத்ததற்கு ஒரு படம்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு வாளி கொடுப்பதென்றாலும், வாளி வருவதற்கு முன்னால் கமராக்காரன் வந்து நிற்க வேண்டும். சந்தை, தேர், வீதி ஊர்வலம் எல்லாம் நான் என் ஆசைக்கு எடுப்பவை. விசுவமடுவில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவது உதவி வழங்கும் விழாக்கள்தான். கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் காயும் சகோதரர்களே, இந்த வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

பன்னிரண்டு வீட்டு ஆடு

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சங்கம் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஆடு கொடுத்தது. ஆடுகள் ஏற்றிய வாகனம் வழியில் பழுதாகிவிட்டது. ஆட்டோவில் தனியாக வந்த ஒரே ஒரு ஆடுதான் பந்தலில் நின்றது. பிரதம விருந்தினருக்கோ அவசரம். "ஆடெல்லாம் ஒரே மாதிரித்தானே, எடும்" என்றார் சங்கத்தின் செயலாளர். அந்த ஓர் ஆட்டையே பன்னிரண்டு பேர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நானும் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஏழாவது படத்தில் அது விருந்தினரின் பொன்னாடையைக் கடித்து இழுத்தது. அந்தப் பந்தலில் ரோசம் இருந்தது அதற்கு மட்டும்தான்.

கடைசியாக நின்ற அம்மா கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இந்த ஆடு ஒரு மணித்தியாலத்துக்குள்ள பன்னிரண்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிட்டுது. ஒரு வீட்டிலயும் ஒரு பிடி குழை தின்னேல்லை."

வெள்ளைச் சேட்டு

அதே சங்கம் முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை கொடுத்தது. வாங்க வந்தவர்களில் ஒருவர் மரியநாயகம் அண்ணர். ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். செயலாளர் என் காதுக்குள் குனிந்தார். "உந்தாளைப் பாத்தா கஷ்டப்பட்டவர் மாதிரித் தெரியேல்லை. சேட்டைக் கழட்டச் சொல்லும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். மனிதர் கூச்சமில்லாமல் போய்ச் சொல்லியும்விட்டார்.

சித்திரை வெயிலில் செயலாளர் கோட்டுப் போட்டிருந்தார். அண்ணர் அதைக் கழுத்திலிருந்து கடைசிப் பொத்தான்வரை ஒருமுறை பார்த்தார். "குடுக்க வாற நீங்கள் கோட்டுப் போடலாம். வாங்க வாற நான் சேட்டுப் போடக்கூடாதோ?"

சைக்கிள்

தரணி உடையார்கட்டுப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் கூலி வேலைக்குப் போகிறவர். நெடுந்தூரம் நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. சங்கம் சைக்கிள் கொடுத்தது. நல்ல காரியம், இல்லையென்று சொல்லமாட்டேன். பின்னேர வெயில் முகத்தில் விழ, ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அமுக்கினேன். செயலாளர் அதை முகநூலில் போட்டார், 'தந்தையை இழந்து வறுமையில் வாடும் மாணவி' என்ற வரியோடு. பெயரும் போட்டார், பள்ளிக்கூடமும் போட்டார், கண்ணீர்ப் பொம்மையும் போட்டார்.

வகுப்பில் அவளுக்கு 'வறுமை' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். தரணி சைக்கிளைக் கொட்டிலில் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டாள். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. தாய் எனக்குப் போன் எடுத்து அழுதார். நான் செயலாளருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அழிக்கிறதோ? அந்தப் படம் இல்லையெண்டா அந்தப் பிள்ளைக்குச் சைக்கிளே இல்லை, விளங்குதோ?"

முதுகுகள்

விளங்கியது. அடுத்த விழாவில் தையல் மெசின் கொடுத்தார்கள், வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்திருந்தார். தொடக்கம் முதல் முடிவுவரை நான் வாங்குகிறவர்களுக்குப் பின்னாலேயே நின்றேன். படத்தில் அவர்களுடைய முதுகு, கொடுக்கிறவர்களுடைய முகம். முடிந்ததும் செயலாளர் மெமரி கார்ட்டுக்குக் கை நீட்டினார். முகநூலில் கிடக்கும் தரணியின் படத்தை அழித்தால்தான் தருவேன் என்றேன். விருந்தினருக்கு அவர் மாலை போட்ட படமும் அதற்குள்தான் இருந்தது. என் பரம்பரையையே திட்டிக்கொண்டு, என் கண் முன்னால் அழித்தார். கார்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொழுதுபட முன்னர் போன் வந்தது: "என்ன வேலையப்பா பாத்து வைச்சிருக்கிறீர்? எல்லாத்திலயும் எங்கட முகம்தான் கிடக்குது. பாக்கிற சனம் நாங்கள்தான் வாங்கினது எண்டெல்லே நினைக்கும்!"

நல்ல சேதி

மறுநாள் காலையே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனேன். தரணி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். செயலாளரை மடக்கிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். தாய்க்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு வரவில்லை. இனிப் பள்ளிக்கூடம் போகலாம்தானே என்று கேட்டேன். கையிலிருந்த ஈர உடுப்பை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவை அழிச்சது சரி அண்ணா. அதே படத்தைப் பெரிசாக்கி உங்கட ஸ்டூடியோக் கண்ணாடிக்குள்ள மாட்டி வைச்சிருக்கிறியள். அதைத் தாண்டித்தானே நான் பள்ளிக்கூடம் போகவேணும்?"

நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது என்று மாட்டியிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே இறக்கி அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திங்கட்கிழமை தரணி சைக்கிளில் கடையைத் தாண்டிப் போனாள். கமரா மேசையில் கிடந்தது, நான் தொடவில்லை.

ஊரில் உள்ள சங்கக்காரன், கோட்டுக்காரன் எல்லோரையும் திட்டித் தீர்த்த நான், என் கடைக் கண்ணாடியைத் தினமும் காலையில் துடைத்தேனே தவிர, ஒருநாளாவது பார்க்கவில்லை.