சொர்ணக்காவின் அவரைக்காய் வகுப்பு

அவரைக்காயின் நுனியைக் கிள்ளி, நாரை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டபடியே சொர்ணக்கா கேட்கிறார்: "வாட் டிட் யூ குக் திஸ் மார்னிங்?" எதிரே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் நாலு பெண்களின் கத்தியும் அரிவாள்மணையும் ஒரு நொடி நிற்கின்றன. "கை நிக்கப்படாதுட்டி! கை நின்னா வாயும் நின்னுரும்" என்று அதட்டுகிறார். கத்திகள் மறுபடி ஓடுகின்றன. வெண்டைக்காய் நறுக்குகிற வனஜா மென்று விழுங்கி, "ஐ குக்... உப்புமா" என்கிறாள். "உப்புமான்னதும் வீட்டுல யாரு மூஞ்சியத் தூக்குனா? அதையும் இங்கிலீஷ்ல சொல்லு."

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கும் என்னைத் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு எழுப்பிவிடுவது இந்த வகுப்புதான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லையென்றால் எனக்குத் தூக்கம் கலைவதில்லை.

சொர்ணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தமிழ் வழியில் சரித்திரம் படித்து பி.ஏ. வாங்கியவர். கணவர் உலகநாதன் எங்கள் தொழிற்சாலையில் பிட்டர். பதினைந்து வருடம் ஆவடித் தண்ணீர் குடித்தும் அக்காவின் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. டீச்சர் என்று யாராவது கூப்பிட்டால், "எந்தப் பள்ளிக்கூடத்துல என்னிய டீச்சராப் போட்டாவ?" என்று கேட்பார். அதனால் எல்லோருக்கும் அவர் சொர்ணக்காதான்.

அவரிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாம் அம்மாக்கள். எல்.கே.ஜி.யில் இடம் கேட்டுப் போனால் கான்வென்டுகளில் இப்போது குழந்தையைவிட அம்மாவைத்தான் அதிகம் குடைகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, பெற்றவள் வியர்த்து ஊற்ற இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அப்பாக்கள் மட்டும் சாமர்த்தியமாக ஷிப்டு இருக்கிறது என்று நழுவிவிடுகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வகுப்பில் நோட்டுப் புத்தகத்துக்கு இடமில்லை. ராத்திரிக் குழம்புக்கு உண்டான காய்கறியோடு வர வேண்டும், அவ்வளவுதான். "கை சும்மா இருந்தா நோட்டத் தேடும். எழுதுனா நெட்டுரு போடத் தோணும். கைக்கு ஒரு வேலயக் குடுத்துட்டா வாய் தானா வந்துதான ஆவணும்" என்பது அக்காவின் கட்சி. இந்த ஞானம் சும்மா வரவில்லை. முனியம்மாவால் வந்தது.

முனியம்மா பக்கத்துச் சேக்காட்டுக்காரி. மாமனார் காலம் வரை நடவு, அறுப்பு என்று வயலில் கிடந்த குடும்பம். இப்போது கணவன் வேம்புலி அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறான். போன வருடம் தன் பெண்ணுக்கு இடம் கேட்டுப் போவதற்கு முன்பு, அக்கா எழுதிக் கொடுத்த பத்துக் கேள்விக்கும் பத்துப் பதிலை வரிசையாக நெட்டுருப் போட்டாள். தண்ணீர் பிடிக்கும்போதும் சொன்னாள், துணி துவைக்கும்போதும் சொன்னாள். அங்கே போனால், தலைமைக் கன்னியாஸ்திரீ நான்காவது கேள்வியை முதலில் கேட்டுவிட்டார். காலையில் குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள் என்பது கேள்வி. முனியம்மா கணீரென்று தன் பெயரைச் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, என் கணவர் லேத்து ஓட்டுகிறார் என்றாள். இப்படியே பத்துப் பதிலையும் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டு வணக்கம் போட்டு எழுந்து வந்தாள்.

"அத்தினியும் கரீட்டா சொன்னேன்க்கா. அவுங்க மாத்தி மாத்திக் கேட்டா அதுக்கு நா இன்னா பண்ணுவேன்?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் காலை அக்கா அந்தக் கேள்வித் தாள்களைத் தவலைக்கு அடியில் போட்டு எரித்து வெந்நீர் வைத்ததாக என் மனைவி பார்வதம் வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு முதல் பாடம் பெயர் சொல்வது அல்ல. "ப்ளீஸ் சே இட் அகெய்ன்." தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவள் ஒரு வாரம் இதை மட்டும்தான் சொல்ல வேண்டும். அதுவும் குனியாமல், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து. முனியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிரியலன்னு நாமளே ஒத்துகினா அசிங்கமா இல்லியாக்கா?"

"புரியாமலே தலைய ஆட்டிட்டு வாறதுதாம்ட்டி அசிங்கம்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமைகளில் பரீட்சை. மூடி போட்ட தையல் மெஷின்தான் மேஜை. அதற்கு அந்தப் பக்கம் ஒயர் நாற்காலியில், உலகநாதனின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா தலைமைக் கன்னியாஸ்திரீயாக உட்காருவார். இந்தப் பக்கம் முக்காலியில் அம்மாக்கள் ஒவ்வொருவராக உட்கார வேண்டும். கண்ணாடியை மாட்டியதும் அக்காவின் முகத்தில் ஒரு கடுகடுப்பு வரும் பாருங்கள், எங்கள் ஜெனரல் மேனேஜர்கூட அவரிடம் கற்றுக்கொள்ளலாம். "நீங்களே ஒருவாட்டி அம்மா மாரி குந்திக் காட்டுங்கக்கா" என்று முனியம்மா கேட்டிருக்கிறாள். "நாங் கேக்கதுக்குத்தாம் லாயக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார். அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அதன் காரணத்தைப் பார்வதத்திடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சுவர் ஒன்றுதான் என்பதால் எனக்கும் கேட்டுவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன் தன் பையனுக்காக அதே கான்வென்டில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வியே புரியவில்லை. பி.ஏ. படித்தவள் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று வாயை இறுக மூடிக்கொண்டு, கடைசிவரை தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். இங்கிலீஷை அவர் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். பையனுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குடியிருப்புப் பள்ளியிலேயே படித்து, ஒன்பதாம் வகுப்பில் பந்தடித்து ஜன்னல் உடைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறான். ஆனாலும் அந்த முக்காலி அக்காவுக்கு முக்காலியாகத் தெரியவில்லை.

இந்த ஏப்ரலில் முனியம்மா மறுபடியும் போனாள். இந்த வருடம் விட்டால் பெண்ணுக்கு எல்.கே.ஜி. வயது தாண்டிவிடும். அன்று வகுப்பில் அக்கா உரித்த அவரைக்காயைத் தரையில் போட்டுவிட்டு, வேண்டாத நாரைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாராம். பார்வதம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மூன்றரைக்கு முனியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். நானும் வெட்கத்தை விட்டு அவர்கள் வாசலுக்கே போய்விட்டேன்.

"சீட்டு குட்த்துட்டாங்கக்கா!"

"என்ன கேட்டாவ? அதச் சொல்லு மொதல்ல."

"நாம பேசி வச்சதுல ஒண்ணுகூட கேக்கலக்கா. இன்னாவோ ரெயின்னாங்க, ரோடுன்னாங்க. எனக்கு ஒண்ணும் பிரியல. நேரா மூஞ்சியப் பாத்து ப்ளீஸ் சே இட் அகெய்ன்னேன். அவுங்க மெதுவா திருப்பிக் கேட்டாங்க. மய வந்தா சேக்காடு முச்சூடும் தண்ணி நிக்குமே, கொயந்தய எப்படி இட்டாருவேன்னு கேட்டுகீறாங்க."

"நீ என்ன சொன்ன?"

முனியம்மா நிமிர்ந்து நின்று, தன் தோளைத் தட்டிக் காட்டினாள். "மை ஷோல்டர், மதர். வாட்டர் கம், ஐ ஆல்ஸோ கம்."

வனஜா கைதட்டினாள். வாசலில் நின்றபடி நானும் தட்டினேன்; சொல்ல வெட்கமில்லை. அந்த இங்கிலீஷில் ஆயிரம் ஓட்டை சொல்லலாம். சொல்கிறவர்கள் முதலில் ஒரு நாள் ஐப்பசியில் சேக்காட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

அக்கா மடியிலிருந்த நார்களையெல்லாம் உதறிவிட்டு எழுந்தார். ஒயர் நாற்காலியை முந்தானையால் துடைத்தார். முனியம்மாவின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்து, கணவரின் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டினார். பிறகு தையல் மெஷினுக்கு இந்தப் பக்கம் வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் கத்தி இல்லை, காய் இல்லை. சும்மா இருந்த இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த முகத்தை நேராகப் பார்த்து, "குட் ஆஃப்டர்னூன், மதர்" என்றார்.