ஊர்வலத்தை நிறுத்திய குருவி

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் தோழியும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் சேர்ந்து குடியிருந்தோம். இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். நான் கணக்கு, அவள் தாவரவியல். பங்குனி பிறந்தால் இருவருக்கும் ஒரே பைத்தியம். குளிர்காலத்தை நம் பக்கம் கழித்த சின்னப் பறவைகள் வடக்கே திரும்பும் வழியில் தாம்பரத்துத் தோட்டங்களில் ஓரிரு நாள் தங்கிப் போகும். அவற்றைத் தேடி செம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் நடப்போம். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய பைனாகுலர் ஒன்று இருந்தது. அதில் இடது பக்கக் கண்ணாடி பூசணம் பிடித்துப் போயிருந்தது. வலது கண்ணால் பார்த்துத்தான் பறவைகளை அடையாளம் காணப் பழகினோம்.

ஆறுமணிக் குருவி கிடைத்தது. மாங்குயில் கிடைத்தது. அரசவால் ஈப்பிடிப்பானில் செம்பழுப்புப் பெட்டை எங்கள் முருங்கை மரத்துக்கே வந்தது. வளர்ந்த ஆண்தான் கண்ணில் படாமல் ஆட்டம் காட்டியது. தும்பைப்பூ வெள்ளை, கறுத்த கொண்டை, உடம்பைவிட நீளமான வால். புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கமே கழன்று வந்துவிட்டது.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று, சபையார் எல்லோரும் கையில் ஓலையோடு கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாடிக்கொண்டு போனோம். முன்னால் போதகர். நடுவில் பாடகர் குழுவில் நாங்கள். புங்கமரங்கள் பூத்துக் கொட்டிக் கிடந்த தெருவில் திரும்பியதும் தோழி பாட்டை நிறுத்தினாள். அப்புறம் நடையையும் நிறுத்தினாள். நான் அவள் முதுகில் மோதினேன். என்மேல் இன்னொருவர் மோதினார்.

"ஏய், மேல பாருடி! வெள்ளை!"

பார்த்தேன். இலைகளுக்கிடையில் ஒரு வெள்ளை ரிப்பன் வளைந்து, நெளிந்து, பூச்சியைப் பிடித்துக்கொண்டு கிளைக்குத் திரும்பியது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அண்ணாந்து நின்றுவிட்டார்கள். கோவளத்திலிருந்து கூடையோடு வந்த மீன்காரம்மாவும் நின்றார்.

"இன்னாமா அது, வால்ல நாடா கட்டிகினு கீது?"

"குருவிதாம்மா. வடக்கே போகுது," என்றாள் தோழி, கண்ணை எடுக்காமல்.

இதற்குள் ஊர்வலத்தின் முன்பாதி பாடிக்கொண்டே தெருமுனை தாண்டிவிட்டது. பின்னால் சத்தம் குறைந்ததை உணர்ந்து போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று திரும்பி வந்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நான் தனியாத்தான் எருசலேமுக்குப் போயிருப்பேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கே அது?" என்று கேட்டார்.

தோழி கைப்பையைத் திறந்து, பைபிளுக்கு அடியிலிருந்து பைனாகுலரை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது.

"ஒரே பனி மூட்டமா இருக்கேம்மா?"

"அந்தக் கண்ணு இல்ல ஐயா, வலது கண்ணு!"

அவர் கண் மாற்றுவதற்குள் பறவை கிளம்பிவிட்டது. "வாலைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன்" என்று மட்டும் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு பாட்டை முதலடியிலிருந்து ஆரம்பித்தோம். அன்று தோழி சுதி தப்பித்தான் பாடினாள்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை, போதகரின் மனைவியும் மாதர் சங்கத்தில் பாதிப்பேரும் எங்களோடு ஏரிக்கு வந்தார்கள். ஈஸ்டருக்குச் செய்த கேக் சரியாக உப்பாத கதையைப் பேசிப் பேசியே வந்ததில் கரையிலிருந்த காக்கைகள்கூடப் பறந்துவிட்டன. கடைசியில் தூரத்தில் ஒரு கொக்கைப் பார்த்தோம். ஆளுக்கொரு முறை பைனாகுலரை வாங்கி, அதையே "ஆஹா" என்று ரசித்தார்கள். பிறகு கரையில் உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டோம்.