தலைக்கு மேல் ஒரு குலை

உத்தமபாளையம் தாண்டியதும் ரோட்டோரத் திராட்சைத் தோட்டத்தில் காரை நிறுத்துகிறேன். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பந்தலுக்குக் கீழே குளிர்ச்சி. கண்ணுக்கெட்டியவரை பன்னீர் திராட்சைக் குலைகள். தோட்டக்காரர் செல்வி அண்ணாந்து எண்ணியபடி நடக்கிறார். நாளை வியாபாரி விலை பேச வருகிறாராம்.

“நீங்க என்ன வேலை பாக்குறீக?”

“வானத்துல விண்மீன் மண்டலங்கள் எங்கெங்க இருக்குன்னு வரைபடம் போடுறேங்க. பதினெட்டு வருஷமா. ஒவ்வொண்ணுலயும் கோடிக்கணக்கான சூரியன்கள்.”

அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். “ஆத்தாடி! எல்லாத்தையும் எண்ணிட்டீகளா?”

“எங்க! நாம இருக்கிற மண்டலத்தோட தூசியே குறுக்கால நிக்குது. அதுக்குப் பின்னால இருக்கிறது சரியாத் தெரியல. படத்துல அந்த இடம் மட்டும் வெறுமையாக் கெடக்கு.”

செல்வி சிரித்துவிடுகிறார். “வியாபாரிகளும் அப்படித்தான். தூரத்துல தொங்குறத ஒண்ணு விடாம எண்ணிருவாக. தான் நிக்கிற எடத்துக்கு மேல இருக்கிறத விட்டுருவாக. அங்கன எலை மறைச்சிரும்ல.”

கையை உயர்த்தி என் தலைக்கு நேர் மேலே இலைகளை விலக்குகிறார். கைக்கு எட்டும் உயரத்தில், சாம்பல் பூத்த கறுப்புப் பழங்களோடு, இந்த வரிசையிலேயே பெரிய குலை தொங்குகிறது.

இவ்வளவு நேரமும் இதன் அடியில் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.